வரிசையும் அகராதியும்

ஆண்டர்சன்பேட்டையில் பொழுது புலர்வதற்கு முன்னரே தெருக்கள் விழித்துக்கொள்கின்றன. கையில் உணவுப் பாத்திரமும் தோளில் பையுமாக இளைஞரும் நடுவயதினரும் மாரிக்குப்பம் இரயில் நிலையத்தை நோக்கி விரைகின்றனர். பெங்களூருக்குச் சென்று வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புவோர் இவர்கள். இவர்களுடைய தந்தையரும் பாட்டன்மாரும் இதே நேரத்தில் வேறொரு திசையில் நடந்தவர்கள். சங்கு ஊதியதும் சாம்பியன் ரீப், மைசூர், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களின் வாயிலை அடைந்து, கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கியவர்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முதல் ஊரின் உழைப்புக் கீழ்நோக்கிச் செல்வது நின்று, மேற்கு நோக்கிச் செல்வதாயிற்று.

பெங்களூருக்குச் செல்வோர் பலவகைத் தொழில் செய்கின்றனர். அவர்களுள் சிலர் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர். நிரல் என்பது கணிப்பொறி செய்யவேண்டிய வேலையைப் படிப்படியாகச் சொல்லும் கட்டளைத் தொகுப்பு. அத்தகைய நிரல்களில் அன்றாடம் வரும் ஒரு சிறு வேலையைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறேன். வரிசையாக நிற்கும் செய்திகளை ஓர் அகராதியாக மாற்றுவதே அந்த வேலை. எழுதிப் பார்த்தால் ஒரே வரியில் முடிந்துவிடும். ஆயினும் அந்த ஒரு வரிக்குள்ளே, "ஒரு மனிதனை எதைக்கொண்டு இன்னான் என்று அறிவது?" என்னும் பெரிய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. இந்தத் தங்கவயல் அந்தக் கேள்விக்காக ஒருமுறை வேலையையே நிறுத்திய ஊர். அந்தச் செய்தியைப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் வரிசை யாது, அகராதி யாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

ஒரு சுரங்கத்தின் மஸ்டர் ரோலை மனக்கண்முன் வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் பெயர் வந்த முறையிலே எழுதப்படுகிறது. முதல் வரியில் முனிசாமி, இரண்டாம் வரியில் பெருமாள், மூன்றாம் வரியில் ஆறுமுகம் என்று அது நீண்டுகொண்டே போகிறது. இதுதான் வரிசை. இதில் ஒவ்வொருவருக்கும் உரியது அவர் நிற்கும் இடம் ஒன்றே. "நூற்றிருபதாவது வரியில் இருப்பவர் யார்?" என்று கேட்டால் இந்தப் புத்தகம் உடனே விடை கூறும். "ஆறுமுகம் இன்று இறங்கினாரா?" என்று கேட்டாலோ, முதல் வரியிலிருந்து விரலை வைத்துத் தேடிக்கொண்டே வரவேண்டும். மூவாயிரம் பெயர் இருப்பின், சராசரியாக ஆயிரத்தைந்நூறு பெயரைக் கடந்த பின்னரே அவர் அகப்படுவார். அவர் அன்று வரவில்லை என்றால், அதை உறுதி செய்ய மூவாயிரத்தையும் படித்துத் தீரவேண்டும்.

அகராதியின் அமைப்பு வேறு. அதில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு திறவுகோல் உண்டு. சொல் திறவுகோல், பொருள் அதனால் திறக்கப்படுவது. திறவுகோலைக் கொடுத்தால் பொருள் கிடைக்கும். இடையிலே உள்ள மற்றச் சொற்களைப் படிக்கவேண்டியதில்லை.

வரிசையிலிருந்து அகராதிக்கு வந்த பயணம் தமிழருக்குப் புதியதன்று. நம் முன்னோரின் சொற்களஞ்சியங்கள் நிகண்டுகள் ஆகும். திவாகரம், பிங்கலம், சூடாமணி நிகண்டு முதலியவை செய்யுளால் ஆகியவை. தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர் ஒரு தொகுதி என்று பொருள் பற்றி அடுக்கப்பட்டவை. மனப்பாடம் செய்தவருக்கு அவை கைவிளக்குப் போன்றவை. மனப்பாடம் செய்யாதவர் ஒரு சொல்லைத் தேடப் புகுந்தால் செய்யுள் செய்யுளாக அலையவேண்டியதுதான். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் அடிப்படையில் அமைத்தது. 1732-ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தமது சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பிரிவாக வகுத்து, அகர முறையில் ஒழுங்குபடுத்தினார். சென்னைப் பல்கலைக் கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939-இல் அனுபந்தமும் பெற்றது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களுள் வேண்டிய ஒன்றை எவரும் சில நொடிகளில் எடுத்துக்கொள்ளும் நிலை இவ்வாறு உண்டாயிற்று. சொற்களெல்லாம் பெரும்பாலும் முன்பே இருந்தவை. அவற்றை அடையும் வழியே புதியது.

கணிப்பொறியின் அகராதி இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. அகர முறையில் அடுக்கிய நூலில்கூட நாம் பக்கத்தைப் புரட்டி, முன்னும் பின்னும் போய்த்தான் சொல்லைக் காண்கிறோம். கணிப்பொறி பக்கம் புரட்டுவதில்லை. திறவுகோலையே ஒரு கணக்குக்கு உட்படுத்தி ஓர் எண்ணைப் பெறுகிறது. அந்த எண்ணுக்குரிய அறைக்கு நேரே செல்கிறது. 1953-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பார் எழுதிய உள்குறிப்பு ஒன்றில் இந்த உபாயம் விளக்கப்பட்டிருந்தது. கணிப்பொறி உலகம் அதனை 'ஹாஷிங்' என்று அழைக்கிறது.

நேயர்களே! இதே உபாயம் கணிப்பொறி தோன்றுவதற்கு முன்னரே நம் நாட்டில் மரப்பெட்டியிலும் காகிதத்திலும் நடைமுறையில் இருந்தது. 1897-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் ஒன்று நிறுவப்பட்டது. வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்டு ஹென்றியின் பெயரால் அதன் முறை உலகெங்கும் வழங்குகிறது. அம்முறையை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டவர்கள் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரண்டு இந்திய அலுவலர்கள். ஆயிரக்கணக்கான கைரேகைத் தாள்கள் வந்து குவிகின்றன. புதிதாக வந்த ஒரு தாள் முன்பே பதிவான எவருடையதோடாவது ஒத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் நாட்கணக்கில் ஆகும். அவர்கள் செய்தது யாதெனில், பத்து விரல்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து இணைகளாக்கினர். முதல் இணைக்கு 16, அடுத்ததற்கு 8, பின்னர் 4, 2, 1 என மதிப்பு வைத்தனர். விரலின் ரேகை சுழியாக இருந்தால் மட்டும் அம்மதிப்பைக் கணக்கில் சேர்த்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒரு விரல் மேல் எண்ணுக்கும் மற்றது கீழ் எண்ணுக்கும் உரியது. இரண்டு தொகையோடும் ஒன்றைக் கூட்டினால், ஒவ்வொன்றும் 1 முதல் 32 வரையில் அமையும். முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்க 1024 வரும். ஆகவே 1024 அறைகள் கொண்ட பெட்டகம் போதும். வலக்கைப் பெருவிரலில் மட்டும் சுழி உடையவரின் தாள், மேல் எண் 1, கீழ் எண் 17 என்ற அறைக்குப் போகும். பத்து விரலிலும் சுழி உடையவரின் தாள் 32-க்கு 32 என்ற அறைக்குப் போகும். தேடுகிறவர் அந்த ஓர் அறையை மட்டும் திறந்தால் போதுமானது.

ஓர் அறையில் ஒருவருடைய தாள்தான் இருக்கும் என்பது இல்லை. எந்த விரலிலும் சுழியில்லாதவர் அனைவரும் ஒன்றுக்கு ஒன்று என்ற அறையில் கூடிவிடுவர். அப்போது அந்த அறைக்குள் மட்டும் தாள்களை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கணிப்பொறியிலும் அப்படியே. வெவ்வேறு திறவுகோல்கள் ஒரே எண்ணைத் தருவதுண்டு. அதனால் எவருக்கும் இழப்பில்லை. கணிப்பொறி திறவுகோல்களை ஒப்பிட்டு உரியவரைப் பிரித்தறியும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு நேர்வது வேறோர் இடத்தில். அதனைப் பின்னர்க் காண்போம்.

இனி வரிசையை அகராதியாக்கும் வழிகளைச் சற்று நோக்குவோம். 1991-ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டினரான கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் என்னும் நிரல்மொழி இன்று மாணவர் பலரும் பயில்வது. அதில் அகராதியை உண்டாக்கும் சொல் 'டிக்ட்' என்பது.

முதல் வழி மிக எளியது. வரிசையின் ஒவ்வோர் உறுப்பும் ஓர் இணையாகவே வருகிறது என்று கொள்வோம். 412, முனிசாமி என்பது ஓர் இணை. 413, பெருமாள் என்பது மற்றோர் இணை. இந்த வரிசையை 'டிக்ட்' என்பதனிடம் கொடுத்தால் அகராதி ஆகிவிடும். 412 என்று கேட்டால் முனிசாமி என்று சொல்லும். இணை ஒன்றில் பெயர் விடுபட்டிருந்தால் பைத்தான் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். குறையை மறைக்காமல் கூறுவதால் இவ்வழி நம்பத்தக்கது.

இரண்டாம் வழியில் வரிசைகள் இரண்டு. எண்கள் ஒரு தாளில், பெயர்கள் ஒரு தாளில். 'ஜிப்' என்னும் சொல் இரண்டையும் பல்லோடு பல் பொருத்துவதுபோல் இணைத்துத் தரும். சட்டையில் தைக்கும் ஜிப்பை எண்ணிக்கொண்டால் பொருள் விளங்கும். ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எண்கள் நூறும் பெயர்கள் தொண்ணூற்றெட்டும் இருந்தால், ஜிப் தொண்ணூற்றெட்டோடு நின்றுவிடும். எஞ்சிய இரண்டு எண்கள் என்னவாயின என்று ஒரு சொல்லும் சொல்லாது. 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் 3.10 பதிப்பு முதல், நீளம் ஒவ்வாதபோது பிழை என்று அறிவிக்குமாறு ஜிப்புக்குக் கட்டளையிட இயலும். கட்டளையிடுவது நம் பொறுப்பு. இடாவிட்டால் அது பழைய வழக்கப்படியே வாய்மூடி இருக்கும்.

மூன்றாம் வழியில் எண்ணும் பெயரும் ஒரே வரிசையில் மாறி மாறி வருகின்றன. 412, முனிசாமி, 413, பெருமாள், 414, ஆறுமுகம் என்று. முதலிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் எண்கள் கிடைக்கும். இரண்டாவதிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் பெயர்கள் கிடைக்கும். பிறகு ஜிப் கொண்டு இணைத்துவிடலாம். ஆனால் நடுவிலே பெருமாளின் பெயர் ஒன்று விடுபட்டுவிட்டது என்று கொள்வோம். 413-க்கு உரிய பெயராக 414 வந்து அமரும். அதற்கடுத்து ஆறுமுகம் என்பது எண்ணின் இடத்தைப் பிடிக்கும். ஒருவர் பெயர் தவறியதால், அவருக்குப் பின்னே நின்ற அனைவரும் இடம் மாறிவிடுவர். இவ்வழியைக் கையாளுவோர் முதலில் உறுப்புகளின் தொகை இரட்டைப்படையா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். பின்னர் எண்ணின் இடத்தில் எண்தான் இருக்கிறதா என்றும் சோதிக்கவேண்டும்.

நான்காம் வழியில் இணையே இல்லை. பெயர்கள் மட்டும் உள்ளன. வரிசையில் நிற்கும் இடத்தையே திறவுகோலாக்கிக்கொள்ளலாம். 'எனுமரேட்' என்னும் சொல் அதனைச் செய்யும். நாம் வேறாகச் சொல்லாவிடில் அது ஒன்றிலிருந்து எண்ணாது; சுழியத்திலிருந்து எண்ணும்.

ஐந்தாவதாக இன்னொரு வழியும் உண்டு. பெயர்களையே திறவுகோலாக வைத்து, எல்லாருக்கும் தொடக்கத்தில் ஒரே மதிப்பைக் கொடுத்துவிடலாம். காலையில் அனைவர் பெயருக்கும் எதிரே 'வரவில்லை' என்று எழுதிவைத்து, வரவர மாற்றிக்கொள்வது போன்றது இது. 'ஃபிரம்கீஸ்' என்னும் சொல் இதற்கு உதவும். எனினும் ஒவ்வொருவருக்கும் ஒரு வெற்று ஏட்டைக் கொடுக்கும்படி சொன்னால், அது ஆளுக்கொரு ஏடு கொடுக்காது. ஒரே ஏட்டை எல்லார் கையிலும் பிடிக்க வைத்துவிடும். முனிசாமியின் ஏட்டில் எழுதியது பெருமாளின் ஏட்டிலும் தெரியும். புதிதாகப் பயில்வோர் பலர் இங்கே தடுமாறுவதுண்டு.

வரிசையை அகராதியாக்கினால் வந்த முறை குலைந்துவிடுமோ என்ற ஐயம் முன்னாளில் இருந்தது. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் 3.7 முதல், இட்ட முறையிலேயே அகராதி தன் உறுப்புகளை வைத்திருக்கும் என்பது மொழியின் உறுதிமொழியாகவே ஆகிவிட்டது. ஆகவே முறை கெடுவதில்லை. கெடுவது வேறொன்று. முன்னர் நான் குறிப்பிட்ட இழப்பு இதுவே.

அகராதியில் ஒரு திறவுகோலுக்கு ஒரே மதிப்புத்தான் இருக்க முடியும். அதே திறவுகோல் இரண்டாம் முறை வந்தால், புதிய மதிப்பு பழையதை அழித்துவிட்டு அவ்விடத்தில் அமர்ந்துகொள்ளும். பிழையென்ற அறிவிப்பு எழாது. மூவாயிரம் பேருடைய வரிசையை, பெயரைத் திறவுகோலாக வைத்து அகராதியாக்குகிறோம் என்று எண்ணிக்கொள்வோம். தங்கவயல் போன்ற ஓர் ஊரில் முனிசாமி ஒருவர்தானா இருப்பார்? சாம்பியன் ரீபில் ஒருவர், நந்திதுர்க்கத்தில் ஒருவர், அவர் தெருவிலேயே மற்றொருவர் இருப்பர். குலதெய்வத்தின் பெயரைப் பேரனுக்கும் பேத்திக்கும் இட்டு வழங்கும் மக்கள் நாம். வரிசையில் நின்ற முனிசாமிகள் அனைவரும் அகராதிக்குள் நுழைந்தபோது ஒருவராகிவிடுவர். கடைசியில் நின்றவர் இருப்பார். முன்னே நின்றவர் இல்லாமற் போவார். நிரல் எழுதியவருக்கு அது தெரியாது. கணிப்பொறியும் குற்றம் ஒன்றும் காணாது.

இது வெறும் கணக்குப் பிழையா? தங்கவயலின் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றவை. அந்த ஆழத்தில் பாறையின் அழுத்தம் தாங்காமல் திடீரென்று பாறை வெடித்துச் சிதறுவது அங்கே அறியப்பட்ட ஆபத்து. அத்தகைய வேளையில் மேலே கூடி நிற்கும் குடும்பங்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "எங்கள் ஆள் கீழே இருக்கிறாரா?" அந்தக் கேள்விக்கு விடை கூறவேண்டியது பதிவேடு. ஒரே பெயருடைய இருவரை ஒருவராக்கிவிட்ட பதிவேடு அங்கே என்ன விடை கூறும்? இன்று சுரங்கம் இல்லை. ஆயினும் ஓய்வுத் தொகைக்கும், வீட்டுப் பட்டாவுக்கும், வாக்குரிமைக்கும், மருத்துவ உதவிக்கும் நம் பெயர்கள் வரிசைகளில் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த வரிசைகளை அகராதிகளாக்கும் வேலையும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே, திறவுகோலாகப் பெயரை வைத்தல் ஆகாது என்பது வெளிப்படை. எண் வைக்கலாம். அதிலும் கவனம் தேவை. ஒவ்வொரு சுரங்கமும் தனித்தனியே ஒன்றிலிருந்து எண் வழங்கியிருக்குமாயின், 412 என்ற எண் இரண்டு மூன்று இடங்களில் இருக்கும். அப்போது சுரங்கத்தின் பெயரையும் எண்ணையும் சேர்த்து ஓர் இணையாக்கி, அந்த இணையையே திறவுகோலாக வைக்கவேண்டும். பைத்தான் இதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் பின்னர் மாற்றத்தக்க ஒன்றைத் திறவுகோலாக வைக்க அது உடன்படாது. பூட்டைப் பூட்டிய பிறகு சாவியின் பற்களை மாற்றினால் பூட்டு திறக்குமா? அந்த நியாயமே இதற்கும் பொருந்தும்.

எண்ணையும் விட்டு, மனிதனின் உடலையே திறவுகோலாக்கும் எண்ணமும் தங்கவயலுக்கு ஒருகாலத்தில் வந்தது. 1930-ஆம் ஆண்டில், தொழிலாளர் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்ற விதி புகுந்தபோது, சுரங்கத் தொழிலாளர்கள் அதனை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். இக்கேள்விக்காக இவ்வூர் வேலையை நிறுத்தியது என்று தொடக்கத்தில் கூறினேனே, அஃது இதுவே. பதிவு செய்வோரின் கண்கொண்டு பார்த்தால் கைரேகையைப்போல் சிறந்த திறவுகோல் வேறில்லை. பெயர் இரட்டிக்கும், எண் மாறும், ரேகை ஒருவருக்கு ஒன்றே. பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் வேலைக்கு வருவோரையும் அது காட்டிக் கொடுத்துவிடும். உழைப்போரின் கண்கொண்டு பார்த்தாலோ, கல்கத்தாவில் குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்காகப் பெரிதும் பயன்பட்ட அந்த அறைப்பெட்டகம் தங்கள் விரலுக்கும் வந்துவிட்டது என்றே தோன்றும். ஒரு திறவுகோல் யாருடைய கையில் இருக்கிறது, அதனால் எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவு மூடும் என்று கேட்கும் உரிமை பதிவு செய்யப்படுவோருக்கும் உண்டு. கணிப்பொறி வருவதற்கு நெடுநாள் முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நம் மக்கள்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இதில் தனிப்பட்ட இடர் ஒன்றும் உண்டு. நம்மிற் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். வெளிமாநிலத்து விண்ணப்பத் தாளோ குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கிறது. ஓர் அலுவலகத்தில் மு. ஆறுமுகம் என்று பதிவானவர், மற்றோர் அலுவலகத்தில் ஆறுமுகம் முனிசாமி என்று பதிவாகிறார். வேறோரிடத்தில் முனிசாமி என்பதே அவருடைய பெயராகிவிடுகிறது. கன்னடத்தில் எழுதியதை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது ஓர் எழுத்துக் குறைகிறது. தமிழுக்கு வரும்போது ஓர் எழுத்து மிகுகிறது. கணிப்பொறிக்கு இவையெல்லாம் வெவ்வேறு திறவுகோல்கள். முன்னே கண்டது பலர் ஒருவராகும் துன்பம்; இது ஒருவர் பலராகும் துன்பம். முதலாவதில் மனிதன் மறைகிறான், இரண்டாவதில் சிதறிப்போகிறான். இரண்டிலும் உரிய இடத்தில் அவன் அகப்படுவதில்லை.

தமிழ் எழுத்திலேயே எழுதிவிட்டால் இத்தொல்லை தீருமா என்றால், அங்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. கோலார் என்ற ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். அதன் முதலெழுத்தாகிய 'கோ' என்பதை நாம் கையால் எழுதும்போது, இரட்டைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று உறுப்பாக எழுதுகிறோம். கணிப்பொறியில் தமிழ் எழுத்துகளுக்கு எண் வகுத்துள்ள யூனிகோடு முறையில் இதனை இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒன்று. ககரத்தோடு ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எத்துணைக் கூர்ந்து நோக்கினும் வேறுபாடு தெரியாது. கணிப்பொறியின் அகராதிக்கோ அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒரு விதமாகப் பதிந்த கோலாரை மற்றொரு விதமாகத் தேடினால் 'இல்லை' என்றே விடை வரும். கண்முன்னே இருக்கும் ஊர் ஏட்டில் இல்லாமற் போகும்! இதற்கு மருந்து உண்டு. இவ்விரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி கூறுகிறது. எல்லாச் சொற்களையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து சீர்ப்படுத்திவிட்டு, அதன் பின்னரே அகராதிக்குள் இடவேண்டும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய உயிர்மெய்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். தமிழ்ப் பெயர்களைக் கையாளும் நிரல் எழுதுவோர் இந்த ஒரு படியை மறத்தலாகாது.

பெயர் இரட்டிக்கும் இடங்களுக்கும் ஒரு நல்ல வழி உண்டு. ஒரு திறவுகோலுக்கு ஒரு மதிப்புத்தான் உண்டு என்றால், அந்த ஒரு மதிப்பே ஒரு வரிசையாக இருக்கட்டுமே! முனிசாமி என்ற திறவுகோலுக்கு எதிரே ஒருவரை வைக்காமல், முனிசாமி என்ற பெயருடையோர் அனைவரையும் கொண்ட சிறு பட்டியல் ஒன்றை வைத்துவிடலாம். புதிதாக ஒரு முனிசாமி வந்தால் முன்னவரை அகற்றாமல், அவருக்குப் பக்கத்தில் இவரையும் நிறுத்தவேண்டும். கல்கத்தாப் பெட்டகத்தின் அறையில் பல தாள்கள் ஒன்றாக இருந்தது நினைவிருக்கலாம். 'செட்டிஃபால்ட்' என்னும் சொல்லால் பைத்தானில் இதனை ஒரே வரியில் செய்யலாம். பெயரால் தேடவேண்டிய வேலைக்கு இந்த அகராதி; ஒருவரை ஐயமின்றி அறியவேண்டிய வேலைக்கு எண்ணால் அமைந்த அகராதி. இரண்டையும் ஒரே வரிசையிலிருந்து உண்டாக்கிக்கொள்ளலாம். மூல வரிசையை மட்டும் அழித்துவிடலாகாது. அகராதி தவறாயின் திரும்பிச் சென்று பார்ப்பதற்கு அது ஒன்றே ஆதாரம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நிரல் கற்கும் இளைஞருக்கு ஒரு பழக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். வரிசையில் எத்தனை உறுப்பு இருந்தன என்று முன்னே எண்ணுங்கள். அகராதியில் எத்தனை திறவுகோல் இருக்கின்றன என்று பின்னே எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒத்தால் மேற்கொண்டு செல்லுங்கள். ஒவ்வாவிடில் அங்கேயே நின்று, குறைந்தவர் யார் என்று தேடுங்கள். எண்ணிப் பார்க்கக் கணிப்பொறிக்கு இமைப்பொழுதும் ஆகாது. எழுத ஒரு வரி போதும். எண்ணாமல் விட்டதால் மறைந்துபோன பெயரை மீட்கவோ ஒருவருடைய ஆயுளில் சில ஆண்டுகள் அலுவலகப் படிகளில் கழிந்துவிடக்கூடும்.

இந்த வழக்கம் தங்கவயலாருக்குப் புதியதாகத் தோன்றாது. கூண்டில் இறங்கியவர் எத்தனை பேர், ஏறியவர் எத்தனை பேர் என்று எண்ணுவது சுரங்கத்தொழிலின் முதற்பாடம். எண் ஒத்த பிறகே ஷிப்ட் முடிந்ததாகப் பொருள். பூமிக்குள் இறங்கியவரின் பேரன் இன்று மாரிக்குப்பத்தில் இரயில் ஏறிப் பெங்களூரில் கணிப்பொறியின் முன் அமர்கிறான். அவன் கையாளுவது கல்லும் மண்ணும் அன்று, மனிதர்களின் பெயர்கள். வரிசையில் நின்றவர் அனைவரும் அகராதிக்குள்ளும் வந்து சேர்ந்தனரா என்று, பாட்டன் காலத்துக் கணக்கனைப்போல் அவனும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பானாக.